179 'வட்டார வழக்குகள்': பொது வானொலி யாருடைய மொழியில் பேசுகிறது?

ஆகாசவாணியைப் பற்றிய அரசுக் குறிப்பு எதை எடுத்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் எதிர்ப்படும். 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் ஒலிபரப்பு நிகழ்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 92 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் 99 விழுக்காட்டுக்கு மேலும் அது எட்டுகிறது. ஆண்டறிக்கை, நாடாளுமன்ற விடை, போட்டித்தேர்வுக் கையேடு என அந்த வாக்கியம் புகாத இடமில்லை. எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதிலுள்ள இரு சொற்களை, 'வட்டார வழக்கு' என்பதையும் 'எட்டுகிறது' என்பதையும், நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. இந்நாட்டின் பல்வேறு இனக்குழுக்களுக்கும் எளிய வருவாய்ப் பிரிவினருக்கும் பொது வானொலி இன்று எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அவ்விரு சொற்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் 'வட்டார வழக்கு'. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. ஆங்கிலத்தைச் சேர்த்தால் 23. இந்தக் கணக்குப் பொருந்துவது தற்செயலாகத் தோன்றவில்லை. அட்டவணைக்குள் இருப்பது மொழி, வெளியே நிற்பது வழக்கு என்பதே இங்கு நடைமுறையிலுள்ள இலக்கணம். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பிரதமரின் 'மனதின் குரல்' உரை பற்றிய அரசுச் செய்திக்குறிப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. அவ்வுரை 22 இந்திய மொழிகளிலும் 29 வட்டார வழக்குகளிலும் 11 அயல்மொழிகளிலும் ஒலிபரப்பாகிறது என்கின்றன அவை. அந்த 29இன் பட்டியலில் காசி, காரோ, மிசோ, அங்காமி, ஆவோ, கார்பி, கோக்பரோக், லெப்சா, கோண்டி, ஹல்பி ஆகியவை இடம்பெறுகின்றன. மிசோ ஒரு மாநிலத்தின் ஆட்சிமொழி. காசி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பேசப்படும் அசாமியத்தோடும் வங்காளத்தோடும் அதற்குக் குடும்ப உறவு ஏதுமில்லை. கோண்டியோ திராவிட மொழி, தெலுங்கு சேர்ந்துள்ள அதே கிளையில் வைத்து ஆராயப்படுவது. வழக்கு என்றால் ஏதேனும் ஒரு மொழியின் வழக்காக இருந்தாக வேண்டும். இவை எந்த மொழியின் வழக்குகள்? மொழியியல் படிக்கும் முதலாண்டு மாணவர் தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். அரசு எழுதினால் அது புள்ளிவிவரமாகிவிடுகிறது.

ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் அளவாய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் கணக்கிட்டது என்பது துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அங்கே 179 மொழிகள். ஆகாசவாணியில் 179 வழக்குகள். எண் ஒத்துப்போனது தற்செயல்தான். தரம் இறங்கியது தற்செயலன்று.

பெயரில் என்ன இருக்கிறது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒலிபரப்பில் ஒரு பேச்சு 'மொழி' என்று கருதப்பட்டால் அதற்குச் செய்தியறிக்கை, செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், பணியிடம் என ஒரு கட்டமைப்பு வாய்க்கிறது. 'வழக்கு' என்று கருதப்பட்டால் பெரும்பாலும் கிடைப்பது நாட்டுப்புறப் பாடலுக்கும் விழிப்புணர்வு உரைக்கும் ஒதுக்கிய சிறு நேரமும், நாள் கணக்கில் ஊதியம் பெறும் தற்காலிக அறிவிப்பாளர் ஒருவரும். அந்த மக்கள் பாடலாம், ஆடலாம், தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்ளலாம். தங்கள் மாவட்டத்தில் நேற்று என்ன நடந்தது என்பதைத் தங்கள் மொழியில் அறிய வேண்டுமானால் வேறொருவருடைய மொழியைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த ஏற்றத்தாழ்வின் அளவைக் காட்டுகிறது. தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. ஆய்ந்து, தொகுத்து, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுபவற்றை மட்டும் கொண்டபோது மிஞ்சியவை 121 மொழிகள். அட்டவணையில் 22, வெளியே 99. அந்த 99இல் முதலிடம் பீலிக்கு. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகியவற்றின் மலைப்பகுதிகளில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஒரு கோடியே நான்கு லட்சம் பேர். கோண்டிக்கு ஏறத்தாழ முப்பது லட்சம். 'இந்தி' என்ற தலைப்பின் கீழ் அடக்கப்பட்ட போஜ்புரிக்கு ஐந்து கோடிக்கு மேல். சமஸ்கிருதத்துக்கு 24,821 பேர். ஆகாசவாணி 1974ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் நாள்தோறும் சமஸ்கிருதச் செய்தியறிக்கையை நாடு முழுவதற்கும் ஒலிபரப்பி வருகிறது. அதை நிறுத்த வேண்டும் என்பது வாதமன்று. ஒரு பழம்பெரும் மொழிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால், பேசுவோர் தொகை குறைவு, செலவு கட்டுப்படியாகாது என்ற காரணத்தைப் பழங்குடி மொழிகளுக்கு எதிராக இனி எவரும் சொல்ல முடியாதபடி அந்த ஒற்றை அறிக்கை அரை நூற்றாண்டாகச் சான்று கூறிக்கொண்டிருக்கிறது.

'மனதின் குரலின்' 29 வழக்குகளும் இதே சான்றைத்தான் வேறு திசையிலிருந்து தருகின்றன. கோண்டியிலும் ஹல்பியிலும் தாடோவிலும் தாங்குலிலும் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்கள், குரல் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது, அனுப்பக் கோபுரம் இருக்கிறது. மாதம் ஒருமுறை தலைநகரிலிருந்து ஓர் உரையைக் கீழே கொண்டுசேர்க்க இயலுமென்றால், அதே ஆட்களையும் அதே கூடத்தையும் கொண்டு நாள்தோறும் அம்மக்களின் செய்தியை அவர்களுக்கே சொல்லவும் மேலே கொண்டுசெல்லவும் இயலும். இது திறன் இல்லாமையால் நேர்ந்த குறையன்று, முன்னுரிமையால் நேர்ந்தது. (ஒரு கோடிப் பேரின் பீலியும் ஐந்து கோடிப் பேரின் போஜ்புரியும் அந்த 29இலும் இல்லை என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.)

செய்தியை ஏன் இவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்கலாம். பாடலும் வேளாண்மை உரையும் போதாவா? போதா. காரணம் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் செய்தித்தாளை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். தொலைக்காட்சியில் செய்தி அலைவரிசைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. வானொலியில் மட்டும் செய்தி அரசின் தனியுரிமையாக நீடிக்கிறது. தனியார் பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி திரட்டி வாசிக்கக் கூடாது. விரும்பினால் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறுஒலிபரப்புச் செய்யலாம். போக்குவரத்து நெரிசல், வானிலை, மின்தடை, தேர்வு முடிவு போன்றவை 'செய்தியல்லாதவை' என்ற வகையில் பண்பலைக்கு விலக்குப் பெற்றிருக்கின்றன. நாளை மின்சாரம் வராது என்று சொல்லலாம். ஏன் வராது என்று துருவத் தொடங்கினால் அது செய்தியாகிவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில், தனியார் பண்பலைகள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. மணிக்குப் பத்து நிமிடம் என்ற அந்த அளவே இதுவரை இருந்த இறுக்கத்தைச் சொல்லிவிடும்.

இந்தத் தனியுரிமையின் மொழியியல் விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு மொழியில் செய்தி சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருந்து, அவரும் அம்மொழியில் சொல்லாவிட்டால், அம்மொழியில் வானொலிச் செய்தி இருப்பது சட்டப்படியே இயலாததாகிவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இது உறைக்காமல் போகலாம். தமிழுக்கு நாளிதழ் உண்டு, தொலைக்காட்சி உண்டு, வானொலிச் செய்தியும் உண்டு. நாளிதழே இல்லாத, எழுத்துமுறையில் இன்னும் ஒருமிப்பு ஏற்படாத மொழிக்காரருக்கு அது கதவடைப்பு. அலைக்கற்றை பொதுச் சொத்து, அது அரசின் உடைமையுமன்று, தனியார் வணிகரின் உடைமையுமன்று என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டு 1997இல் நடைமுறைக்கு வந்தது. பல்வேறு வட்டாரங்களின் மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடமளிப்பதும், உழைக்கும் வகுப்பாரின் உரிமைகளைக் காப்பதும், சிறுபான்மையினருக்கும் எல்லைப்புற, பின்தங்கிய, தொலைவான பகுதி மக்களுக்கும் பணியாற்றுவதும் அச்சட்டமே பட்டியலிடும் கடமைகள். தனியுரிமையை வைத்துக்கொள்பவர் கடமையையும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகாது.

பொது வானொலிக்கும் எளிய மக்களுக்குமான உறவு தொடக்கத்திலிருந்தே சீராக இருந்ததில்லை. 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி மூன்றாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணமும் விலையுயர்ந்த பெட்டியும் ஐரோப்பியருக்கும் வசதி படைத்த நகரத்தாருக்கும்தான் கட்டுப்படியாயின. உரிமம் பெற்றவர்கள் எட்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. 1930இல் அரசு அதை ஏற்றது. 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. அடுத்துத் தலைதூக்கியது மொழிச் சிக்கல். 1940களில் டெல்லி நிலையத்தின் 'இந்துஸ்தானி' யாருடையது என்று இந்திக்காரரும் உருதுக்காரரும் மல்லுக்கட்டினர். இரு தரப்பும் ஏற்கும் சொற்களைத் தொகுக்கும் முயற்சிகூட நடந்தது. பிரிவினைக்குப்பின் அந்த நடுவழி மூடப்பட்டு, வடமொழி மிகுந்த இந்தி செய்தி மொழியாயிற்று. கடைத்தெருவில் பேசும் மொழி ஒலிபரப்புக்கூடத்தின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது.

பிறகு கேஸ்கர். 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரங்குறைந்தவை என்று கருதி ஆகாசவாணியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றினார். செவ்வியல் இசைக் கலைஞர் பலருக்கு அக்காலம் வாழ்வளித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கேட்பவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அதே 1952இல் அங்கிருந்து தொடங்கி வட இந்தியத் தெருக்களைக் கட்டிப்போட்டது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழ்நாட்டில் இருந்த செல்வாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டபோது அது ஆகாசவாணியின் கொடையாக வரவில்லை, தோல்வியின் ஒப்புதலாகவே வந்தது. இந்நிகழ்ச்சியை ரசனைப் பூசலாக மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பாரின் ரசனை பொது ரசனையாக அறிவிக்கப்பட்டபோது, பொதுமக்கள் தங்கள் கையிலிருந்த ஒரே கருவியால், அலைவரிசைத் திருகினால், வாக்களித்தார்கள் என்பதே இதன் சாரம்.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் இந்தக் குறைகூறல் அரைகுறையாகும். 1956இல் யுனெஸ்கோ துணையுடன் புனே நிலையத்தைச் சுற்றிய சுமார் 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றத்தார் கூடி மராத்தி நிகழ்ச்சியைக் கேட்டார்கள், கேட்டபின் விவாதித்தார்கள், ஐயங்களை நிலையத்துக்கு எழுதினார்கள். நிலையம் அடுத்த நிகழ்ச்சியில் விடை சொன்னது. இதை மதிப்பிட்ட சமூகவியலாளர் பால் நியூராத், வெறுமனே பெட்டி வைக்கப்பட்ட ஊர்களைவிட மன்றம் இருந்த ஊர்கள் அறிவில் வெகுவாக முன்னேறியதைக் கண்டார். பெட்டி போதவில்லை, கேட்டவர் திருப்பிப் பேச வழி இருந்ததுதான் வேறுபாடு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியதில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நெல்லையே உழவர்கள் 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். இங்கே மொழியியலார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே வானொலி செய்தியை எழுத்துத் தமிழில் வாசித்தது. உழவரோடு பேசும்போது பேச்சுத் தமிழுக்கு இறங்கி வந்தது. இரட்டை வழக்குள்ள ஒரு சமூகத்தில் எந்த வழக்கில் பேசுகிறோம் என்பது யாரை மனிதராக எதிரே உட்கார வைக்கிறோம் என்பதைச் சார்ந்தது. விதைநெல்லின் பெயராக மாறும் அளவுக்கு ஒரு நிகழ்ச்சி உள்ளே போனதற்குக் கோபுரத்தின் உயரம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

வடகிழக்கில் இதைவிட வியப்பான சான்று உண்டு. நாகாலாந்தில் ஒருவருக்கொருவர் புரியாத நாகா மொழிகள் பல. அவற்றுக்கிடையே சந்தையில் பிறந்தது நாகாமிசு, அசாமியத்தை அடியாகக் கொண்ட ஒரு கிரியோல். பள்ளிக்கூடம் அதை மதிப்பதில்லை; மாநிலத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம்; படித்தவர்கள் பலர் அதைக் கொச்சை என்றே சொல்வார்கள். கோகிமா வானொலி நிலையமோ நாகாமிசில் செய்தி வாசிக்கிறது. அங்காமி, ஆவோ முதலிய நாகா மொழிகளிலும் ஒலிபரப்புகிறது. எந்த அட்டவணையும் ஏற்காத, எந்தப் பாடநூலும் கற்பிக்காத ஒரு மொழியை, மக்கள் பேசுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பொது நிறுவனம் ஒன்று செய்தி மொழியாக்கியது. பொது வானொலி என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. கோகிமாவில் இயன்றது பான்ஸ்வாராவிலும் ஜாபுவாவிலும் பீலிக்கு முழு அளவில் ஏன் இயலவில்லை என்பதுதான் கேட்க வேண்டியது. ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது: ஆகாசவாணியின் நிலைய அமைப்பு மாநில எல்லைகளைப் பின்பற்றுகிறது, பீலியும் கோண்டியும் அவ்வெல்லைகளைக் குறுக்கே கடந்து பரவியிருக்கின்றன. எந்த மாநிலத்திலும் அவை சிறுபான்மை. ஆகவே எந்த நிலையத்துக்கும் அவை ஓரவேலை.

கோண்டியை எடுத்துக்கொண்டால் சிக்கலும் வாய்ப்பும் ஒன்றாகத் தெரியும். ஒரு மாநிலத்தில் அதைத் தேவநாகரியில் எழுதுகிறார்கள், இன்னொன்றில் தெலுங்கு எழுத்தில். அதற்கென்றே உருவான எழுத்துகளும் உண்டு. அச்சு ஊடகம் இவற்றில் எதையேனும் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்த கணத்தில் மற்றவரை இழக்கும். எழுத்தைக் கேட்காத ஒரே வெகுமக்கள் ஊடகம் வானொலி. எழுத்தறிவும் அதற்குத் தேவையில்லை. 2010இல் சுப்ரான்சு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா இந்த இடைவெளியில்தான் முளைத்தது. சத்தீஸ்கர்க் காட்டுப்பகுதி மக்கள் கைப்பேசியில் ஓர் எண்ணை அழைத்து, கூலி வரவில்லை, ஆசிரியர் வரவில்லை, அடிகுழாய் பழுது என்று கோண்டியிலும் இந்தியிலும் பதிவுசெய்வார்கள்; சரிபார்த்தபின் அதே எண்ணில் மற்றவர்கள் கேட்பார்கள். வானொலிச் செய்தி மறுக்கப்பட்ட இடத்தில் தொலைபேசியை வானொலியாக்கிய உத்தி அது. பல மாநிலக் கோண்டி பேசுவோர் கூடித் தொகுத்த பொது அகராதி 2018இல் வெளிவந்ததும் இதே தேவையின் நீட்சிதான்: எல்லைகள் கடந்து ஒருவர் சொல்லும் செய்தி மற்றவருக்குப் புரிய வேண்டும்.

தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில், மாச்சனூர் என்ற ஊரில், 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் நடத்தும் நிலையம். கட்டடமும் கருவியும் 1990களின் இறுதியிலேயே தயார்; நிகழ்ச்சிகளையும் பதிவு செய்துவைத்தார்கள். உரிமம் வரப் பத்தாண்டு காத்திருந்தார்கள். 2002இல் வந்த கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக வானொலி தொடங்கியது அவ்வழியில்தான். தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல்தான் இடம் கிடைத்தது. மாச்சனூர்ப் பெண்கள் சொன்ன குறை எளியது: நகரத்து வானொலி பேசும் தெலுங்கு அவர்களுடையதன்று, அது பேசும் பயிரும் அவர்களுடையதன்று. அவர்கள் விதைப்பது சிறுதானியம். அரசு அறிவுரை நெல்லையும் உரத்தையும் பற்றியது. மொழியும் வருவாயும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்பதை அந்தக் குறை ஒரே வீச்சில் காட்டுகிறது.

குர்கானிலும் அப்படித்தான். 2009இல் அங்கே தொடங்கிய 'குர்கான் கி ஆவாஸ்' என்ற சமுதாய வானொலி, பன்னாட்டு நிறுவனங்களின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு அருகிலேயே, ஆலைத் தொழிலாளரும் வீட்டுவேலை செய்வோரும் வாழும் குடியிருப்புகளுக்காகப் பேசுகிறது. ஹரியானாவின் ராகினிப் பாடலும் பீகார், புந்தேல்கண்ட் நாட்டுப்பாடல்களும் அதில் கேட்கும். ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து உரிமம் எடுத்த வணிகப் பண்பலைக்கு இந்தக் கேட்பவர்களிடம் விற்க ஒன்றுமில்லை. ஆகவே அவர்களோடு பேசவும் ஒன்றுமில்லை. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வணிகத்தின் இயல்பு அது. ஆனால் சமுதாய வானொலியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. அதன் அலைபரப்பித் திறன் 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. 2012இல் அதன் ஆண்டு அலைக்கற்றைக் கட்டணம் 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக ஏற்றப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்நூறு நிலையங்கள். அவற்றிலும் பல கல்லூரி வளாகங்களுக்குள். இவை பொது வானொலிக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தை நிரப்ப மாட்டா.

இனி 'எட்டுகிறது' என்ற சொல். 99 விழுக்காடு என்பது அலை போய்ச் சேரும் பரப்பின் கணக்கு. அந்தப் பரப்பில் யாரிடம் பெட்டி இருக்கிறது, யார் கேட்கிறார்கள், கேட்டது புரிகிறதா என்பவை அதில் அடங்கா. வானொலியை இன்று யார் கேட்கிறார்கள் என்ற எள்ளலுக்கு இங்கே ஓரளவு நியாயமுண்டு. 'மனதின் குரல்' கேட்பவர்களைப் பற்றி ரோத்தக் ஐஐஎம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அதை வானொலி வழியே கேட்பதாகச் சொன்னவர்கள் 17.6 விழுக்காட்டினரே, மற்றவர்கள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கேட்டார்கள். வானொலிக்கென்றே அமைந்த நிகழ்ச்சியின் நிலையே அது.

ஆனால் அந்த எண்ணிலிருந்து வானொலி தேவையில்லை என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. சராசரி எப்போதும் விளிம்பை விழுங்கும். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் மத்திய அலைதான் வளைந்து போகும். பண்பலை நேர்க்கோட்டில் செல்வது, குன்று மறைத்தால் நின்றுவிடும். பழங்குடி மொழி நிகழ்ச்சிகளில் பல மத்திய அலையில் ஒலித்துவந்தவை. பழைய மத்திய அலைபரப்பிகளைப் படிப்படியாக மூடிவரும் பிரசார் பாரதி, அவற்றைக் காலங்கடந்தவை என்கிறது. மாற்றாகச் சொல்லப்படும் பண்பலை அந்த மலைகளுக்கு முழுமையாகப் போகாது. இலக்கமுறை வானொலிக்கு வேறு பெட்டி வேண்டும். செயலிக்கு இணையம் வேண்டும், இணையத்துக்குப் பணம் வேண்டும். கைப்பேசிகளில் பண்பலை ஏற்பி இயங்க வேண்டும் என்று 2023இல் ஒன்றிய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. நல்லதுதான். மத்திய அலையைப் பிடிக்கும் கைப்பேசியை யாரும் செய்வதில்லை என்பதையும் அதே அமைச்சகம் அறிந்திருக்கும்.

சிக்கனத்தின் கத்தி எங்கே விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 2018 டிசம்பரில், ஆகாசவாணியின் தேசிய அலைவரிசையோடு அகமதாபாத், ஐதராபாத், லக்னோ, ஷில்லாங், திருவனந்தபுரம் ஆகிய ஐந்து ஊர்களின் வட்டார ஒலிபரப்புப் பயிற்சிக் கழகங்களையும் மூடும் முடிவு எடுக்கப்பட்டது. ஷில்லாங் கழகம் போனால் வடகிழக்கின் அறிவிப்பாளர் பயிற்சிக்கு எங்கே போவார்? சிறுமொழி ஒன்றின் அறிவிப்பாளர் வெறும் குரலன்று. அம்மொழியில் 'நிதிநிலை அறிக்கை'யையும் 'நிலம் கையகப்படுத்தல்' என்பதையும் எப்படிச் சொல்வது என்று முதன்முதலில் முடிவெடுப்பவர் அவர். சொல்லாக்கம் பல்கலைக்கழகக் குழுக்களில் நடப்பதாகத் துறையில் நம்பப்படுகிறது. எழுத்தில்லா மொழிகளுக்கு அது ஒலிவாங்கிக்கு முன்னால், சிவப்பு விளக்கு எரிவதற்குச் சில நொடிகளுக்கு முன் நடக்கிறது. அந்த வேலையைச் செய்பவருக்கு மாதத்தில் சில நாள்கள் மட்டுமே பணி, முறைப்படுத்தக் கோரி வழக்கு என்ற நிலை பல நிலையங்களில் பல்லாண்டாகத் தொடர்கிறது. 2023 மே மாதத்தில் 'அகில இந்திய வானொலி' என்ற பெயரை விடுத்து 'ஆகாசவாணி' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என ஆணை வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு புரிந்துகொள்ளத்தக்கது. பெயருக்காக எழுந்த அந்தக் குரலில் ஒரு பங்கேனும் அறிவிப்பாளருக்காகவும் எழுந்திருக்கலாம்.

கல்விப்புலத்துக்கும் இதில் பங்கிருக்கிறது. அழியும் மொழிகளைப் பதிவுசெய்ய நிதி கோரி விண்ணப்பம் எழுதும் மொழியியல் துறைகளில், தம் மாவட்டத்து வானொலி நிலையம் எந்தெந்த மொழியில் எத்தனை நிமிடம் பேசுகிறது என்று குறித்துவைத்தவை எத்தனை? இருபது முப்பது ஆண்டுக் கால ஒலிநாடாக்கள் அந்நிலையங்களில் உள்ளன. ஒரு மொழி தன்னை எப்படிப் பொதுமேடைக்கு ஏற்றிக்கொண்டது என்பதன் தொடர்பதிவு அது. களப்பணியில் ஒலிக்கருவியை நீட்டி, இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுப் பெறும் சொற்பட்டியலைவிடப் பன்மடங்கு உயிருள்ளது. செய்தித் தனியுரிமையை எதிர்த்த வழக்குகளிலும் விவாதங்களிலும் ஊடகவியலாரும் சட்டத்துறையினரும் பேசினார்கள். மொழியியலாரின் குரல் கேட்கவில்லை.

செய்ய வேண்டியவற்றுள் முதலாவது பெரிய செலவு பிடிப்பதன்று. 179 என்ற எண்ணைச் சொல்லும் நிறுவனம் அந்த 179 பெயர்களையும் வெளியிடட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிலையம், வாரத்தில் எத்தனை நிமிடம், அதில் செய்தி எவ்வளவு, நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், மத்திய அலையா பண்பலையா என்ற ஐந்து விவரங்கள் இருந்தால் போதும். நான்கைந்து தாள்களில் அடங்கிவிடும் அட்டவணை அது. பிரசார் பாரதி தகவல் உரிமைச் சட்டத்துக்குட்பட்ட பொது அதிகார அமைப்பு. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.